பாதித் திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவாத மன்றங்களை நடத்தப் பயன்படும் வீபுல்லட்டின் மென்பொருளில், உள்நுழையாத எவரும் தொலைவிலிருந்தே சர்வரில் கட்டளைகளை இயக்க இடமளித்த ஓட்டையை, 2019 செப்டம்பரில், திருத்தம் வெளிவருமுன்பே பெயர் தெரியாத ஒருவர் பகிரங்கமாக்கினார். சில நாட்களுக்குள் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது பாராட்டத்தக்கதே. ஆனால் அது தாக்குதல் நுழைந்த ஒரு வழியை மட்டுமே அடைத்தது; ஒரு டெம்ப்ளேட்டுக்குள் (பக்கத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் வார்ப்புக்குள்) இன்னொன்றை அழைத்து அத்தடையைச் சுற்றிச் செல்ல முடியும் என்பதை 2020 ஆகஸ்டில் ஓர் ஆய்வாளர் செயல்முறையோடு காட்டினார். அவசரத்தில் பூசுவேலை செய்வது புரிகிறது. ஏறத்தாழ ஓராண்டு கிடைத்தும் மூலக் காரணத்தைக் களையாமல் விட்டது ஏற்கத்தக்கதல்ல. திருத்தம் வந்த பிறகும் அதைத் தங்கள் சர்வரில் நிறுவாத மன்ற நிர்வாகிகள் (இவர்களுக்கு எங்குமே பஞ்சமில்லை) வேறு ரகம். இத்தகைய செய்திகளில், எந்தப் பதிப்புகள் பாதிக்கப்பட்டவை, எதற்கு மாற வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழ் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்