99 நாளில் நின்றுபோன ஹேமர் மெஷின் பற்றிய புகார்

அனுப்புநர்
ஏ.சி. மெக்கானிக்,
வியாசர்பாடி, சென்னை.
(பெயரும் முகவரியும் உங்கள் கணினியில் ஏற்கெனவே மூன்று முறை பதிவாகியிருக்கின்றன.)

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 02.06.2025

பொருள்: 27.01.2025 அன்று வாங்கிய, சுவரில் ஓட்டை போடும் 26 மி.மீ. ஹேமர் மெஷின் 06.05.2025 அன்று எரிந்தது. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தும் சரிசெய்ய மறுப்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இலவச எண்ணுக்கு இதுவரை பதினொரு தடவை பேசிவிட்டேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்வார்கள், அழுத்துவேன், இந்தியில் எடுப்பார்கள். இனி போனில் கத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம் என்று தெரிந்து இந்தக் கடிதத்துக்கு வந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள். இரண்டு இடத்தில் நான் சொன்ன வார்த்தையை அடிக்க மறுத்துவிட்டாள். அங்கே மரியாதையான வார்த்தை இருந்தால் அது அவளுடையது.

எந்த மெஷின் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் மலிவு வரிசையில் வருகிற அந்த 800 வாட், கறுப்புப் பெட்டி. செம்புதாஸ் தெருவில் 3,150 ரூபாய்க்கு ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கினேன். கடை முத்திரை போட்ட உத்தரவாத அட்டை கையில் இருக்கிறது. உத்தரவாதம் ஆறு மாதம். மெஷின் ஓடியது 99 நாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் ஈக்காட்டுத்தாங்கல் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருக்கும் தம்பி சொன்னதை இறக்கி வைக்காமல் எனக்கு அடுத்த வரி ஓடவில்லை. ஒரு காதில் இயர்போன், கண் செல்போனில். மெஷினை மேஜைமேல் வைத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "மூவாயிரம் ரூபா மெஷின்தானே சார், மூணு மாசம் ஓடியிருக்கு. மாசம் ஆயிரம். லாபம்தான்."

லாபம்தான்! பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எத்தனையோ வீட்டுக்காரர்கள் திட்டியிருக்கிறார்கள், வாங்கிக்கொண்டிருக்கிறேன். இது மட்டும் இன்னும் இறங்கவில்லை. அவர் "சார்" என்று வேறு சொன்னார்.

சரி, மே 6-ஆம் தேதிக்கு வருகிறேன். கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். பெரம்பூரில் மூன்றாவது மாடி, வெளிப்பக்கம் சன்ஷேடில் இடுப்பில் கயிறு கட்டி நிற்கிறேன். அவுட்டோர் யூனிட் ஸ்டாண்டுக்கு நான்கு ஃபாஸ்டனர் அடிக்க வேண்டும். இரண்டு ஓட்டை போட்டாயிற்று. மூன்றாவதில் பிட் ஓர் அங்குலம் இறங்கியிருக்கும், மெஷினின் சத்தம் மாறியது. அப்புறம் வார்னிஷ் கருகுகிற வாடை. காற்றுத் துவாரம் வழியாக நீல நிறத்தில் ஒரு பொறி, கையில் சுரீரென்று சூடு, நின்றுவிட்டது. கீழே உதவிக்கு நின்ற பையன் "அண்ணே, புகை வருது, விட்டுடுங்க" என்று கத்துகிறான். விட்டால் கீழே நிறுத்தியிருக்கிற கார் மேல் விழும். சூடான மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே படுத்த படுக்கையாக ஒரு பாட்டி. அவர்களுக்காகத்தான் அவசரமாக ஏ.சி. போட்டார்கள். வேறொரு மெக்கானிக்கிடம் வாடகைக்கு மெஷின் எடுத்து வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு முடித்துக் கொடுத்தேன்.

அன்றைக்கே பின்பக்க மூடியைக் கழற்றி, மோட்டாருக்குக் கரண்ட் கடத்துகிற கார்பன் கட்டையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. கார்பன் தேய்ந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டே இருக்க மாட்டேன், அது தேயத்தான் செய்யும், அறுபது ரூபாய்க்கு நானே வாங்கிப் போட்டுக்கொள்வேன். இங்கே போனது ஆர்மேச்சர், மோட்டாருக்குள் சுற்றுகிற கம்பிச் சுருள். கார்பன் உரசுகிற இடமான கம்யூட்டேட்டர் முழுக்கக் கரி.

உங்கள் போன் ஆட்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். முதலாமவர், "அழுத்திப் பிடிச்சு ஓட்டியிருப்பீங்க." ஹேமர் மெஷினில் அடிப்பது நம் கை இல்லை, உள்ளே பிஸ்டனும் அதன் முன்னால் அடைபட்ட காற்றும்தான். அழுத்தினால் வேகம் கூடாது என்பது அதைத் தயாரிக்கிற உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நடுவில் இருக்கிறவருக்குத்தான் தெரியவில்லை. இரண்டாமவர், "லோ வோல்டேஜ்." ஐயா, நான் ஏ.சி. மெக்கானிக். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த வீட்டு பிளக்கிலும் ஒயரைச் செருக மாட்டேன். அன்றைக்கு அந்த பிளக்கில் 226 வோல்ட். மூன்றாவது ஒரு அம்மா, நல்லபடியாகப் பேசினார், 48 மணி நேரத்தில் வீட்டுக்கு ஆள் வந்து எடுத்துப் போவார் என்றார். அவருக்கு என் நன்றி. ஆள் இன்றுவரை வரவில்லை.

மே 17 சனிக்கிழமையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். உத்தரவாத அட்டையில் அச்சடித்திருக்கிற விலாசம் அம்பத்தூர் எஸ்டேட். காலையில் இரண்டு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் கிளம்பினேன். அங்கே போனால் ஷட்டரில் டீக்கடைக்காரர் துணி காயப்போட்டிருக்கிறார். "அவங்க காலி பண்ணி எட்டு மாசம் ஆச்சே" என்றார். இலவச எண்ணுக்குப் போட்டால் ஈக்காட்டுத்தாங்கல் என்கிறார்கள். திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, காசி தியேட்டர் சிக்னல் என்று நூறடி ரோட்டை முழுக்க அளந்துகொண்டு போனேன். ஒன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடுவார்களாம். பூட்டிக்கொண்டிருந்தவரிடம் மெஷினைக் காட்டினேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். ஜனவரியில் அச்சடித்துக் கொடுத்த அட்டையில் சரியான விலாசம் போடக்கூடவா உங்களால் முடியவில்லை? திங்கட்கிழமை போனபோது கிடைத்ததுதான் அந்த "லாபம்தான்".

மே 22 அன்று திருப்பிக் கொடுத்தார்கள். சீட்டில் எழுதியிருப்பது: "ஓவர்லோடு, வணிகப் பயன்பாடு, உத்தரவாதம் பொருந்தாது. ஆர்மேச்சர் மாற்ற 2,240 ரூபாய், ஸ்பேர் வர 30 நாள்." 3,150 ரூபாய் மெஷினுக்கு 2,240 ரூபாய் ஆர்மேச்சர்.

வணிகப் பயன்பாடு என்றால் என்ன என்று கேட்டதற்கு, பெட்டிக்குள் இருக்கும் சின்னப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். செல்போன் வெளிச்சத்தில் என் மகள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். பதினான்காம் பக்கம், ஆங்கிலத்தில், எறும்பு மாதிரி எழுத்தில், வீட்டு உபயோகத்துக்கு மட்டும். ஆனால் பெட்டிக்கு வெளியே பெரிய படம். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஆள் கான்கிரீட் தூணை உடைக்கிறார். அவர் என்ன, தன் வீட்டு ஹாலில் உள்ள தூணையா உடைக்கிறார்?

மலிவான மெஷின் என்று தெரிந்துதான் வாங்கினேன், அதை மறைக்கவில்லை. மலிவு எல்லாம் மோசம் என்று சொல்கிறவனும் இல்லை. என்னிடம் தூசி ஊதுகிற 1,100 ரூபாய் ப்ளோயர் ஒன்று ஆறு வருஷமாக ஓடுகிறது. ஏன்? ஒரு ஏ.சி.க்கு இரண்டு நிமிஷம்தான் அதற்கு வேலை. வீட்டில் ஸ்கிரீன் கம்பி மாட்ட, காலண்டருக்கு ஆணி அடிக்க, வருஷத்துக்கு நாலு ஓட்டை போடுகிறவருக்கு உங்கள் மெஷின் பத்து வருஷம்கூட வரும், தாராளமாக வாங்கட்டும். எட்டாயிரம் பத்தாயிரம் கொடுத்து வாங்கிப் பரணில் போடுவதுதான் அவருக்கு நஷ்டம். தினம் அதை வைத்துச் சோறு தின்கிறவனுக்குக் கணக்கே வேறு.

என் பழைய மெஷின், வேறு கம்பெனி, 2014-ல் 7,800 ரூபாய். வருஷத்துக்குச் சுமார் 250 ஏ.சி., ஏ.சி.க்குப் பத்து ஓட்டை. பத்து வருஷத்தில் 25,000 ஓட்டை. கார்பன், பேரிங், ஓ-ரிங், ஒயர் என்று மொத்தம் ஐயாயிரம் செலவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அந்த மெஷின் ஒன்றரை நாள் அதில் ஊறிக் கிடந்தது. காயவைத்து ஆர்மேச்சர் மாற்றினேன். அதுவும் இந்த ஐயாயிரத்தில் அடக்கம். மேலும் ஒரு வருஷம் ஓடிவிட்டுத்தான் கண்ணை மூடியது. ஓட்டைக்கு அரை ரூபாய் விழுகிறது. உங்களுடையதில் 120 ஏ.சி., 1,200 ஓட்டை. ஓட்டைக்கு 2 ரூபாய் 62 காசு. அந்தத் தம்பிக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எது லாபம் என்று அவரே சொல்லட்டும்.

இன்னொன்று, இதைப் படிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நீங்கள் திருப்பிக் கொடுத்த பிறகு எங்கள் ஏரியாவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பெரியவரிடம் ஆர்மேச்சரைக் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு சுற்றுக் கம்பியை இழுத்துப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "அலுமினியம்ப்பா இது" என்று என் உள்ளங்கையில் வைத்தார். பஞ்சு மாதிரி கனமே இல்லை. அலுமினியத்தில் மோட்டார் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. செம்பு 100 கடத்தினால் அலுமினியம் 61-தான் கடத்தும், அதே அளவுக் கம்பியில் சூடு கூடும், வேலையைக் குறைத்து வாங்க வேண்டும். ஆனால் உங்கள் பெட்டியின் பக்கவாட்டில் பொன் எழுத்தில் "100 சதவீதம் காப்பர் வைண்டிங்" என்று இருக்கிறதே, அது என்ன? தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. இது நான் காசு கொடுத்து வாங்கிய மாடு. கம்பியையும் பெட்டியையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

நஷ்டத்தைச் சொல்கிறேன். வாடகை மெஷின், நாளுக்கு 300 ரூபாய், மே 7 முதல் நேற்றுவரை 26 நாள், 7,800 ரூபாய். பழைய மெஷினின் விலையும் அதேதான், பாருங்கள். கைவிட்டுப்போன வேலை 18 ஏ.சி., 27,000 ரூபாய். அண்ணா நகர் பக்கம் ஒரு அடுக்குமாடியில் நாற்பது ஏ.சி. வேலை பேச்சில் இருந்தது, அதுவும் இதனால்தான் போயிற்று. என் மகள் "அப்பா, அது மார்ச்லயே போச்சு" என்கிறாள். போகட்டும், இந்த மெஷின் சரியாக இருந்திருந்தால் திரும்ப வந்திருக்கும். பெட்ரோல், அலைச்சல், இருபத்திரண்டு வருஷ நல்ல பெயர் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது.

ஆனாலும் நான் கேட்பது ஒன்றரை லட்சம் இல்லை. ஒன்று, உத்தரவாதப்படி காசு வாங்காமல் செம்புக் கம்பி ஆர்மேச்சர் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் 3,150 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், 26 நாள் வாடகையோடு. தயவுசெய்து இதை நல்லபடியாக முடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 17-க்குள் பதில் வராவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வணிகப் பயன்பாடு என்று அங்கேயும் சீட்டைக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்கிறவன் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிகக் கணக்கில் வராது என்று எழுதியே இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நான் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள்தான் அலைய வேண்டிவரும், அட்டையில் என் விலாசம் சரியாகத்தான் இருக்கிறது. காப்பர் விஷயம் தனி. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அந்த உள்ளங்கை அலுமினியத்தை ஒரு கவரில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

அப்புறம், பெட்டியின் வெளியே "வீட்டு உபயோகத்துக்கு" என்று தமிழில், அந்த ஹெல்மெட்காரர் அளவுக்கு இல்லாவிட்டாலும், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள். போட்டிருந்தால் நான் அன்றைக்குப் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பேன். உங்களுக்கும் இந்தக் கடிதம் வந்திருக்காது.

இப்படிக்கு,
புகார் எண் கடைசி நான்கு இலக்கம் 4471
(உங்கள் ஆட்கள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான்.)

பின்குறிப்பு: மே 19 அன்று நான் கொடுத்தபோது மெஷினோடு சைடு ஹேண்டிலும், ஓட்டையின் ஆழத்துக்கு அளவு வைக்கிற டெப்த் ராடும் இருந்தன. மே 22 அன்று திரும்பி வந்தபோது இரண்டும் இல்லை, பின்மூடியில் ஒரு ஸ்குரூவும் இல்லை. மேலே கேட்டதை நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த மூன்றையும் தேடி எடுத்து வையுங்கள். ராடு என் பழைய மெஷினுடையது.