சபையில் ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் ஸ்தோத்திரம். ரங்கூனில் எல்லாரும் சுகம், கரண்டுதான் வருவதும் போவதுமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ரூமில் படுத்துக்கொண்டே யூடியூபில் ஆராதனை பார்த்துவிடுகிறேன், பிரசங்கம் நம்ம சபைப் போதகர் ஐயரைவிட நன்றாக இருக்கிறது என்று போனில் சொன்னாய். இருக்கட்டும். நம்ம ஐயர் பிரசங்கம் நீளம்தான், எனக்கே சில வாரம் கண் சொக்கும். ஆனால் அந்த யூடியூப் சபையில் உன்னைக் காணோமே என்று தேட யார் இருக்கிறார்கள்? இங்கே நான் ஒரு ஞாயிறு போகவில்லை என்றால் சாயந்தரத்துக்குள் யாராவது வந்து கதவைத் தட்டிவிடுவார்கள், சில நேரம் அது தொல்லையாகக்கூட இருக்கும், ஆனாலும் சபை என்றால் எனக்கு அதுதான்.

கோலாலம்பூரில் இருந்துகொண்டு கோயில் இல்லை என்று மட்டும் சொல்லாதே. பிரிக்பீல்ட்ஸில் சீயோன் ஆலயம் இருக்கிறது, நம்மைப் போலவே லுத்தரன், தமிழ் ஆராதனை. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடிவந்துவிடாதே. கேட்டு ஒரு வேலை வாங்கு. பாய் விரிப்பதோ, நாற்காலி அடுக்குவதோ, மைக் வயர் சுற்றுவதோ, எதுவானாலும் சரி.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. வேதத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. எருசலேம் சபையில் கிரேக்கு பேசுகிற விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. அந்த ஊரில் அவர்கள் வேறு பாஷைக்காரர்கள், பர்மாவில் நம்மைப் போல என்று வைத்துக்கொள். பந்தி விசாரிக்க 7 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அதற்குக் கேட்ட தகுதி என்ன தெரியுமா? நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம்! சோறு பரிமாறுகிற வேலைக்கு! அந்த ஏழு பேரில் ஒருவர்தான் ஸ்தேவான், கல்லெறியில் செத்தாரே, அவர். அதனால் பிரசங்கம் பண்ணுகிறவர்தான் ஊழியக்காரர், மற்றவர்கள் எல்லாம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் என்கிற பேச்சை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

நம்ம பெத்லகேம் சபை 1878லிருந்து இருக்கிறது. 1964ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, நம்ம ஜனங்கள் கப்பல் கப்பலாக மெட்ராஸுக்குப் போன காலத்தில், பாடகர் குழுவில் பாதிப் பேர் இல்லையாம், ஹார்மோனியம் வாசிக்கவும் ஆள் இல்லையாம். அப்போது மணி அடிக்கவும் பீடத்துணி துவைக்கவும் நின்றவர்களில் உன் பாட்டியும் ஒருத்தி. பெரிய விசுவாச வீராங்கனை என்றெல்லாம் இல்லை, ஞாயிறு காலையில் துணி வெளுப்பாக இல்லையென்றால் அவருக்குக் கோபம் வரும், அவ்வளவுதான்.

இப்போது மாதர் சங்கத்தில் என் வேலை, கோயிலுக்கு வர முடியாதவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவது. அந்த ஐந்தாம் மாடி அக்கா உனக்கு ஞாபகம் இருக்கும், லிப்ட் இல்லாத வீடு, எல்லாரையும் போல பால்கனியிலிருந்து கயிறு தொங்கவிட்டிருப்பார். மற்ற நாளில் தூக்குச்சட்டியைக் கயிற்றில் கட்டி மணியை ஆட்டினால் மேலே இழுத்துக்கொள்வார். ஞாயிறு மட்டும் மூச்சு வாங்கினாலும் படி ஏறிப் போகிறோம். சோறு கயிற்றில் போகும், ஜெபம் போகாதே. போனால் ஒரு கீர்த்தனை பாடுவோம், அவருக்கு இன்னும் எல்லாச் சரணமும் மனப்பாடம், நாங்கள்தான் மூன்றாவது சரணத்தில் தடுமாறுவோம். அப்புறம் அவர் மருமகளைப் பற்றி அரை மணி நேரம் குறை சொல்வார். அதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் ஊழியம்தான், சொல்லப்போனால் அதுதான் கஷ்டமான பகுதி.

வேலை அலுப்பு எனக்குத் தெரியும், 12 மணி நேரம் நிற்கிறவனிடம் வாரம் தவறாமல் போ என்று சொல்ல மாட்டேன். ஷிப்ட் இல்லாத ஞாயிறு போனால் போதும். ஆனால் போகிற அன்றைக்கு வேலையோடு போ. காணிக்கையை நிறையப் போட்டுச் சரிக்கட்டலாம் என்று மட்டும் பார்க்காதே, உன் அப்பா அந்த வித்தையை ரொம்ப நாள் செய்தவர்.

நீ சபையில் முழு அங்கத்தினனான திடப்படுத்தல் விவரத்தோடு சபைக் கடிதம் எழுதித் தருவதாக ஐயர் சொல்லியிருக்கிறார். நீ அங்கே இருக்கிற சரியான விலாசத்தை எனக்கு அனுப்பு, இங்கிலீஷில் எழுத்துப் பிழையில்லாமல்.

அம்மா