செய், செய்வி: நண்பனுக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை.

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வாசித்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். இங்கே நாம் ஓடி விளையாடிய பால்மரக் காடு முழுவதும் இப்போது செம்பனையாகிவிட்டது.

ஏ.பி.எல். என்னும் கணினி நிரல் மொழியில், கூட்டல், பெருக்கல் போன்ற சார்புகளோடு (functions) சேர்ந்து நிற்கும் ஆப்பரேட்டர் என்று தனியாக ஒன்று எதற்கு, சார்பை வாங்கிக்கொள்ளும் சார்பு என்று சொன்னால் போதாதா என்று கேட்டிருந்தாய். ஒரு வாரமாக இதே சிந்தனைதான்.

தோட்டத்துக் கிராணியாக இருந்த என் தந்தையாரின் ரப்பர்ப் பால் கணக்கு ஏடு உனக்கு நினைவிருக்கும்: ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு பத்தி. அந்த ஏட்டை ஓர் அணியாக (array), அதாவது வரியும் பத்தியுமாக அடுக்கிய எண்களாக வைத்துக்கொள். அதை விலையால் பெருக்க, ஒவ்வொரு கட்டமாகச் செல் என்று ஏ.பி.எல். போன்ற அணி மொழியிடம் சொல்ல வேண்டியதில்லை. பெருக்கல் தானாகவே எல்லாக் கட்டங்களிலும் இறங்கிவிடும். ஆகவே, நீ நிரல் எழுதும் மொழியில், சார்பை வாங்கிக்கொள்ளும் உயர்நிலைச் சார்புகள் பெரும்பாலும் சுமக்கும் அந்த வேலை இங்கே ஆப்பரேட்டருக்கு இல்லை. சார்பு எந்த முறையில் இயங்க வேண்டும் என்பதை மாற்றுவதே அதன் வேலை. +/ என்றால் ஆளுக்கான மொத்தம். +⌿ என்றால் நாளுக்கான மொத்தம். +\ என்றால் அன்றன்று வரை சேர்ந்த தொகை. ⌈/ என்றால் ஒவ்வொருவருக்கும் அதிகப் பால் கிடைத்த நாளின் அளவு.

இதை நம் இலக்கணத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. 'செய்' என்னும் வினையோடு 'வி' சேர்ந்தால் 'செய்வி' என்னும் பிறவினை பிறக்கிறது. அந்த விகுதி வினைக்குப் பின்னால் நிற்கிறது. சேர்ந்து பிறந்ததும் வினையே என்பதால், அது மற்ற வினைகளைப் போலவே காலமும் இடமும் காட்டுகிறது. ஆப்பரேட்டரும் சார்புக்கு வலப்புறம் நின்று, மற்றொரு சார்பையே தருகிறது. நன்னூல் காட்டும் 'செய்விப்பி' போல, பிறந்த சார்பின் மேல் இன்னோர் ஆப்பரேட்டரும் அமரலாம்: +/¨ என்பது அணிக்குள் இருக்கும் ஒவ்வோர் அணியையும் தனித்தனியே கூட்டும். ஆனால் விகுதிக்கே விகுதி சேர்க்க முடியாதது போல, ஆப்பரேட்டருக்கு ஆப்பரேட்டரை உள்ளீடாகக் கொடுக்க ஏ.பி.எல். இடம் தருவதில்லை. இந்தக் கட்டுப்பாட்டைக் குறை என்று நான் கருதவில்லை. எழுதியதைப் பார்த்தவுடன் எது எதைப் பற்றி நிற்கிறது என்று தெரிவது அதனால்தான். 1962இல் இந்தக் குறியீட்டை நூலாக வெளியிட்ட கென்னத் ஐவர்சனே, 1990இல் ரோஜர் ஹுயுடன் உருவாக்கிய ஜே மொழியில், தரவைப் பெயர்ச்சொல் என்றும் சார்பை வினைச்சொல் என்றும் அழைத்தார்.

நீ கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ஆப்பரேட்டர் தன்னிடம் வந்த சார்பை மூடிய பெட்டியாக நடத்துவதில்லை. மழையால் யாருமே வெட்டாமல் ஒரு பதிவும் இல்லாத ஏட்டைக் கொடுத்தாலும் +/ பூச்சியம் தரும்; ×/ ஒன்று தரும். தொடக்க மதிப்பை நாம் கொடுக்காமலேயே, கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உரிய சமனியை (விடையை மாற்றாத எண்ணை) அதுவே அறிந்திருக்கிறது. நாமே எழுதிய சார்பாக இருந்தால் அந்த அறிவு அதற்கு இராது. அப்போது பிழை என்று நின்றுவிடும்.

கழித்தலில் மட்டும் கவனமாக இரு. சார்புகள் வலமிருந்து இடமாக இயங்குவதால், -/ 7 3 2 என்பதன் விடை 2 அன்று, 6. முதலில் 3இலிருந்து 2 கழிகிறது, பிறகு 7இலிருந்து அந்த 1 கழிகிறது. இதை முதலில் தவறென்றே நினைத்தேன். எண்களுக்கு மாறி மாறிக் கூட்டல், கழித்தல் குறிகள் இட்டுத் தொகை காணக் கணிதத்தில் அடிக்கடி நேர்கிறது என்பதையும், அது இங்கே இரண்டே குறிகளில் கிடைத்துவிடுகிறது என்பதையும் உணர்ந்த பிறகு, இந்த ஒழுங்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

உன் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. 2020இல் வெளிவந்த பி.கியூ.என். என்னும் இன்னோர் அணி மொழியில் சார்புகளை மற்ற மதிப்புகளைப் போலவே கையாளலாம். ஆயினும் வாக்கியத்தில் ஒரு சொல் வகிக்கும் பங்கு அங்கும் எழுத்திலேயே தெரியும்படி வைத்திருக்கிறார்கள்.

தீபாவளிக்கு வரும்போது உன் மடிக்கணினியைக் கொண்டு வா. தந்தையாரின் ஏட்டில் கறையான் அரிக்காத பக்கங்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவர் கையால் போட்ட கூட்டுத்தொகைகளை +/ கொண்டு இருவரும் சேர்ந்து சரிபார்ப்போம்.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழன்