‘டஸ் ஷீ கோஸ்’ எங்கிருந்து வருகிறது? பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலப் பாடநூலும் பயிற்சிநூலும் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இடைநிலை ஆசிரியை. ஒரே அறையில் இரண்டு வகுப்பை உட்கார வைத்து, தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பாடத்தை நடத்துகிறவர்களில் ஒருத்தி. இஸ், ஆம், ஆர், டூ, டஸ், கேன் என்று நாங்கள் ‘ஹெல்பிங் வெர்ப்’ கணக்கில் சேர்க்கும் துணைவினைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘ஷீ ____ சிங்கிங்’ என்று கோடிட்ட இடம் கொடுங்கள். ‘இஸ்’ என்று சரியாக நிரப்பிவிடும். அதே பிள்ளையை அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னால், ‘மை சிஸ்டர் இஸ் கோ டு ஸ்கூல்’ என்று வரும். முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைதான் இதையும் எழுதுகிறது. கோடிட்ட இடத்தை நிரப்ப, முன்னால் நிற்கும் ‘ஷீ’யைப் பார்த்தால் போதும். பின்னால் வரும் வினை எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதே இல்லை. அந்த இடத்தில் துணைவினை வேண்டுமா, வேண்டாமா என்பதையும் கோடே முடிவு செய்துவிடுகிறது. சொந்தமாக எழுதும்போது அப்படிக் கோடு போட்டுக் கொடுக்க யாரும் இல்லை.

இதோடு ‘ஐ ஆம், யூ ஆர், ஹீ இஸ்’ என்று ராகம் போட்டு ஒப்பிக்கிற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ‘ஐஆம்’ ஒரே சொல்லாக நாக்கில் ஒட்டிவிடும். அப்புறம் ‘ஐ ஆம் லைக் மேங்கோ’ வராமல் என்ன செய்யும்? தமிழில் ‘அவன் மாணவன்’ என்றால் வாக்கியம் முடிந்தது. நடுவில் எதுவும் தேவையில்லை. வீட்டு மொழியில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கற்ற பிள்ளை, அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறது. இதற்குச் சிவப்பு மையில் சுழிப்பது வீண்.

ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளுக்கும் இது சட்டென்று வந்துவிடுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன், ஆடம், ஈவ், சாரா என்று மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து, 14 இலக்கணக் கூறுகள் அவர்களுக்கு எந்த வரிசையில் கைவந்தன என்பதை 1973-இல் வெளியிட்டார். ‘கோயிங்’, ‘ஈட்டிங்’ என்பதில் வரும் ‘இங்’தான் முதலில் வந்தது. அதோடு சேர்ந்து வர வேண்டிய இஸ், ஆம், ஆர் 12-ஆவது இடத்துக்குப் போனது. ‘ஹீ’ஸ்’ என்று சுருங்கி வரும் வடிவம் 14-ஆவது, அதாவது கடைசி. வீடு முழுக்க ஆங்கிலம் கேட்கும் குழந்தைக்கே இப்படி என்றால், ஆங்கிலப் பாடவேளையில் மட்டும் அதைக் கேட்கும் எங்கள் பிள்ளையிடம் முதல் வகுப்பிலேயே பிழையில்லாமல் எழுது என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், நான் ‘கேன்’ என்பேன். (தண்ணீர் கேன் ஞாபகம் வந்து வகுப்பே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.) ஐ கேன், ஷீ கேன், தே கேன் என்று யாருக்கும் அது மாறாது. தமிழிலும் என்னால் முடியும், அவளால் முடியும், அவர்களால் முடியும் என்று ‘முடியும்’ மாறுவதில்லை. பின்னால் வரும் வினையும் அசையாது. இடத்தை மாற்றினால் கேள்வி, ‘நாட்’ சேர்த்தால் மறுப்பு. துணைவினை செய்யும் வேலை முழுவதையும் இந்த ஒன்றிலேயே பிள்ளை பார்த்துவிடலாம். அடுத்து ‘டூ’, அதன் பிறகு ‘இங்’கோடு வரும் இஸ், ஆம், ஆர். ‘டஸ்’ கடைசியில் வரட்டும்.

‘டஸ்’ஸில்தான் எல்லோரும் வழுக்குகிறோம். ‘ஷீ கோஸ்’ என்று எஸ் போடப் பழக்கிய அடுத்த வாரம் ‘டஸ் ஷீ கோ’ என்று எஸ்ஸை எடுக்கச் சொன்னால், பிள்ளை இரண்டையும் காப்பாற்றி ‘டஸ் ஷீ கோஸ்’ என்கிறது. ‘டிட் நாட் கேம்’ கதையும் இதேதான். இதற்கான விதி எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் ஏற்கெனவே கைவந்தது. ‘வந்தான்’ என்பதை மறுக்கும்போது ஒரு பிள்ளையும் ‘வந்தான் இல்லை’ என்பதில்லை. ‘வரவில்லை’ என்கிறது, வீட்டில் ‘வரல’. சாப்பிட்டுவிட்டான், சாப்பிட்டுவிடுவான், சாப்பிட்டுவிடு என்று சொல்லும்போது ‘சாப்பிட்டு’ அப்படியே நிற்கிறது, காலம் மாறுவதெல்லாம் பின்னால் வரும் துணைவினையில். ஆங்கிலத்தில் துணைவினை முன்னால் நிற்கும், அவ்வளவுதான் வேறுபாடு. இந்த நாலு வரியை ஆசிரியர் கையேட்டில் தமிழிலேயே அச்சிடுங்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் வாடை வரக்கூடாது என்ற விரதத்தை இந்த ஒரு பக்கத்துக்காவது தளர்த்தலாம்.

அடுத்தது, ‘முழு வாக்கியத்தில் விடை எழுது’ என்ற வரி. தயவுசெய்து அதைக் கொஞ்சம் குறையுங்கள். ‘டூ யூ லைக் மேங்கோ?’ என்று கேட்டால் ‘எஸ், ஐ டூ’ என்பதுதான் இயல்பான பதில். துணைவினை தனியாகக் காதில் விழும் இடமும் அதுவே. நாங்களோ ‘எஸ், ஐ லைக் மேங்கோ’ என்று முழுதாகச் சொல்ல வைத்து, கற்க வேண்டிய சொல்லையே பதிலிலிருந்து எடுத்துவிடுகிறோம். கேன் யூ ஸ்விம்? எஸ், ஐ கேன். ஆர் யூ ஈட்டிங்? நோ, ஐ ஆம் நாட். கேள்வி எந்தச் சொல்லில் தொடங்கியது என்று கவனித்தால்தான் பதில் சொல்ல முடியும். பிள்ளைகள் வட்டமாக நின்று பந்தை எறிந்து கேட்டுக்கொள்ளலாம். ‘டூ’வில் கேட்டதற்கு ‘ஐ ஆம்’ என்றால் அவுட். பந்து இல்லாவிட்டால் கசக்கிய காகிதம் போதும். ‘மே ஐ கம் இன்’ என்பதை வாசலில் நின்று ஒரே மூச்சில் சொல்லும் பிள்ளைகள், ‘மே’ தனிச்சொல் என்று அறிவதும் இப்படிக் கேட்டுப் பழகும்போதுதான்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். முதல் இரண்டு வகுப்புகளில் துணைவினைக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம். மூன்றாம் வகுப்பு வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே வைக்கும் சிறு தேர்வுகளில்) கோடிட்ட இடங்களில் பாதியை எடுத்துவிட்டு, அந்த மதிப்பெண்ணை வாய்மொழிக் கேள்வி பதிலுக்குக் கொடுங்கள். மீதிக் கோடுகளில் சிலவற்றை ‘ஷீ ____ சிங்ஸ்’ போல, எதுவும் நிரப்பக் கூடாத இடங்களாகப் போடுங்கள். பிள்ளை அந்த இடத்தைக் காலியாக விட்டால் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் தெளிவாக எழுதுங்கள், இல்லையென்றால் திருத்துகிற நாங்கள் தப்புப் போட்டுவிடுவோம். ஆசிரியர்களுக்கான குறுவள மையப் பயிற்சியில் இதை ஸ்லைடு காட்டி முடித்துவிடாமல், எங்களையே பந்தைப் பிடித்துப் பதில் சொல்ல வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை