மாலாவுக்கு, நீலக்கல் விஷயமாக

அன்புள்ள மாலா,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புவது பதில் ஆகாது என்று நீ திட்டியதும் நியாயம்தான். முழங்கால் இப்போது எப்படி? அண்ணை உப்பைக் குறைத்தாரா? இங்கே எல்லாரும் சுகம். வெள்ளவத்தையில் வெயில் கொளுத்துகிறது, மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தால் இன்னும் வேர்க்கிறது. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன், இப்போது எனக்கு உன் உதவி அவசரமாக வேண்டும்.

என் சின்னவனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஆவணியில் மோதிரம் மாற்றுவதாக முடிவாகிவிட்டது. நீதானே கோயிலில் அவளைப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளை, வடிவான சிரிப்பு, ஆனால் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள் என்று எழுதினாய்? அப்படித்தான் இதையும் சொல்லியிருக்கிறாள்: வைரம் வேண்டாம், நீலக்கல்தான் வேண்டும், அதுவும் இலங்கை மண்ணில் எடுத்த கல்லாக இருக்க வேண்டும். கனடாவில், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை இப்படிக் கேட்டாள் என்று அவன் போனில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாலா. கல்லை நான் தேடித் தருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

தேடி வாங்கியும் ஆயிற்று. இப்போது பெண்ணின் அம்மா மாட்டேன் என்கிறார். அவர் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, நீலம் சனியின் கல், அதைக் கலியாணப் பெண்ணின் விரலில் போடுவதா என்பது. மற்றது, அங்கே எல்லாப் பிள்ளைகளும் வைரம் போடும்போது எங்கள் பிள்ளைக்கு மட்டும் கலர்க்கல்லா, சனம் என்ன சொல்லும் என்பது. நீ அவரை வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் காண்கிறாய். நான் இங்கிருந்து போனில் கதைத்தால் மாப்பிள்ளை வீட்டு அதிகாரம் மாதிரி இருக்கும், நீ கதைத்தால் கேட்பார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

சனம் என்ன சொல்லும் என்பதை முதலில் எடுப்போம். நிச்சயத்துக்கு வைரம்தான் என்பது எந்தச் சாத்திரத்திலும் இல்லை. 1870-களில் தென்னாப்பிரிக்காவில் வைரம் கொட்டத் தொடங்கியது, 1888-இல் டி பியர்ஸ் கம்பனி உருவாகி, சந்தைக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. அப்புறம் ஆட்கள் அதை வாங்க வேண்டுமே. வைரம் என்றென்றைக்கும் என்ற அந்த வாசகத்தை அவர்களுக்காக ஓர் அமெரிக்க விளம்பர நிறுவனத்தில் எழுதியது 1947-இல். என் அம்மா அப்போது பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்! அதற்கு முன்னர் வசதியுள்ளவர்கள் விரும்பிய கல்லைத்தான் போட்டார்கள். 1796-இல் நெப்போலியன் ஜோசபினுக்குக் கொடுத்த மோதிரத்தில் ஒரு நீலக்கல்லும் ஒரு வைரமும் பக்கத்துப் பக்கமாக இருந்தன. 1839-இல் விக்டோரியாவுக்கு நிச்சயமானபோது அல்பேர்ட் கொடுத்தது பாம்பு வடிவ மோதிரம், அதில் மரகதம். டயானாவின் மோதிரம் உனக்கு நினைவிருக்கும், நீதானே அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி விஞ்ஞானக் கொப்பிக்குள் ஒளித்து வைத்திருந்தாய். அது 12 கரட் இலங்கை நீலக்கல், சுற்றி 14 வைரம். 1981-இல் டயானா போட்டதை 2010-இல் வில்லியம் கேட்டுக்குப் போட்டார். அந்த அம்மாவிடம் இதை மட்டும் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நம் வீடுகளிலும் அப்படித்தானே இருந்தது? வைரத் தோடு போட்டவர்கள் ஊரில் சிலர்தான். மற்ற வீடுகளில் கலியாணம் என்றால் சிவப்புக்கல் அட்டியலும் சிவப்புக்கல் தோடும்தான். அம்மாவின் தோடு எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அதைக் கொடுத்துத்தான் அரிசியும் பால்மாவும் வாங்கினோம், நீயும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டாய். அந்தக் கல் நிலத்தில் எடுத்ததா அல்லது செயற்கையா என்று எனக்குத் தெரியாது. 1902-இல் வெர்னுயி என்ற பிரெஞ்சுக்காரர் மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பிறகு செயற்கைச் சிவப்பு மலிவாகக் கிடைத்தது. எதுவாக இருந்தாலும் எனக்கு அது அம்மாவின் காதில் மின்னிய சிவப்புத்தான். இந்தப் பிள்ளை நிறமுள்ள ஒரு கல்லைக் கேட்டதும் எனக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று இப்போது விளங்கும்.

சரி, கல் தேடிய கதைக்கு வருகிறேன். முதலில் செட்டியார் தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் கறுப்புக்குக் கிட்டவான நீலம் ஒன்றைக் காட்டி, நிறம் கூடினால்தான் விலை கூடும் என்றார்கள். மஞ்சள் வெளிச்சத்துக்குக் கீழே வைத்துக் காட்டினார்கள். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவா என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சான்றிதழ் கேட்டதற்கு, எங்கள் வார்த்தைதான் சான்றிதழ் என்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது, மாலா. ஒரு பிள்ளை காலம் முழுக்கப் போடப்போகிற கல், அதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கக்கூட விடமாட்டார்களாம். எழும்பி வந்துவிட்டேன்.

பிறகு மச்சானின் சிநேகிதர் ஒருவர் பேருவளை சீனன்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீ ஒருதரம் வந்து பார்க்க வேண்டும். தெருவெல்லாம் கல் வியாபாரம், எல்லாம் தமிழில். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்து விரிப்பார்கள், உள்ளே இளநீலம், மஞ்சள், ரோசா, ஊதா. நளீம் ஹாஜியார் 1973-இல் நளீமிய்யா என்ற இஸ்லாமியக் கல்லூரியைக் கட்டியது இந்தக் கல் வியாபாரத்தில் வந்த பணத்தில்தான். நாங்கள் பார்த்த முதலாளிக்கு என் அப்பாவின் வயது இருக்கும். மகளுக்கா என்று கேட்டார், மருமகளுக்கு என்றேன், அப்படியென்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு யன்னலோரம் இருக்க வைத்தார்.

அவரிடம் கற்றுக்கொண்டது நிறைய. இலங்கைக் கல்லில் நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பரவியிருக்காது. சில கல்லில் அடியில் மட்டும் ஒரு பொட்டு நீலம் இருக்கும். அந்தப் பொட்டு அடிமுனையில் வரும்படி வெட்டுகிறவர் வெட்டுவார், மேலிருந்து பார்த்தால் கல் முழுவதும் நீலமாகத் தெரியும், பக்கவாட்டில் பிடித்தால் நிறமில்லாத தண்ணீர் மாதிரி. அது ஏமாற்று இல்லை, வெட்டுகிறவரின் கெட்டித்தனம், ஆனால் வாங்குகிறவர் தெரிந்து வாங்க வேண்டும். மிக மெல்லிய ஊசிகள் போன்ற இழைகள் உள்ளே இருக்கும், பட்டு என்கிறார்கள். கடுமையாகச் சூடாக்கினால் அது கரைந்துவிடும். அதனால் பட்டு குலையாமல் இருந்தால், கல் சூட்டுக்குப் போகவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

சூடாக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், சின்னவன் இணையத்தில் எதையோ வாசித்துவிட்டுப் பயந்துபோயிருந்தான். கெவுடா என்று பால் மாதிரி மங்கலான கற்கள் இங்கே முன்பு விலைபோகாமல் கிடந்தன. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை அள்ளிக்கொண்டு போய் 1,500 பாகைக்கு மேல் சூடாக்கினார்கள், மங்கல் தெளிந்து நல்ல நீலம் வந்தது. நம் ஆட்களுக்கு விஷயம் விளங்கியபோது எவ்வளவோ கல் போய்விட்டது. இன்று சந்தையில் இருக்கும் நீலத்தில் பெரும்பகுதி சூடாக்கியதுதான். அந்த நிறம் நிரந்தரம், கழுவினால் போகாது. சூடாக்காததற்கு விலை பல மடங்கு. சூடாக்கியதைச் சூடாக்கியது என்று எழுதிக் கொடுத்து விற்றால் அதில் ஒரு குறையும் இல்லை என்பதே என் முடிவு. பயப்பட வேண்டியவை வேறு: பெரிலியம் ஏற்றி நிறம் மாற்றியது, வெடிப்புக்குள் கண்ணாடி நிரப்பியது. கண்ணாடி நிரப்பிய கல்லை நகை திருத்துகிறவர் ஒருதரம் நெருப்புக்குக் கிட்டப் பிடித்தால் முடிந்தது. இவற்றைச் சாதாரண கண்ணால் பிடிக்க முடியாது, ஆய்வுகூட அறிக்கை வேண்டும். நான் வாங்கியது இரண்டு கரட்டுக்குச் சற்று மேல், சூடாக்கியது, அறிக்கையிலும் அப்படியே இருக்கிறது. நிறம் விடிந்து கொஞ்ச நேரத்தில் காரைநகர்க் கடல் இருக்குமே, அந்த நீலம்.

அவள் தாதி வேலை செய்கிறாள், நாள் முழுக்கக் கை கழுவுவதும் கையுறை மாற்றுவதும்தான். முதலில் சந்திரகாந்தக் கல்லும் கேட்டாளாம், நான்தான் வேண்டாம் என்றேன். வைரத்தின் கடினம் 10 என்றால் நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் 9, ஸ்பினல் என்ற கல்லுக்கு 8, சந்திரகாந்தம் 6-ஐ ஒட்டித்தான். வீட்டுத் தூசியிலேயே 7 கடினமுள்ள குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். மரகதம் வடிவுதான், ஆனால் அதன் வெடிப்புகளை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், தட்டினால் உடையும். முத்து 2.5-ஐ ஒட்டித்தான், தோட்டுக்குச் சரி, தினமும் போடும் மோதிரத்துக்கு ஆகாது. நீலம் தாங்கும். கையுறையில் கொளுவாமல், கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு கட்டித் தாழ்வாகப் பதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் மருமகள் போட்டிருக்கிற, ஆய்வுகூடத்தில் செய்த வைரத்தைப் பற்றி நீ எழுதினாய். அது வைரமே இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன், அதுவும் அசல் கரிமம்தான், அசல் வைரம்தான். 2018-இல் டி பியர்ஸே ஒரு கரட் 800 டொலர் என்று அதை விற்க இறங்கியது. மலிவு, பளபளப்பு, போரில் விற்ற கல்லும் இல்லை. சியரா லியோனில் வைரத்தை விற்றுத் துவக்கு வாங்கிய கதை உனக்குத் தெரியும், அதற்குப் பிறகுதான் 2003-இல், அப்படிப்பட்ட வைரத்தைச் சந்தைக்கு வரவிடாமல் தடுக்கக் கிம்பர்லி ஒழுங்கு வந்தது. ஆனால் நிறக்கல்லுக்கு அந்த மாதிரி ஒழுங்கே இல்லை, பர்மா மாணிக்கத்தின் பணம் அங்கே இராணுவத்துக்கும் போகிறது. அதனால்தான் எங்கே எடுத்தது, யார் கையால் வந்தது என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

இரத்தினபுரியில் ஒரு குழியையும் பார்த்தேன். சதுரக் குழி, சுவர் சரியாமல் மரத்தை அடுக்கி இடையில் பன்னம் இலை செருகியிருந்தார்கள். பம்ப் இழுக்க இழுக்கத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஓர் இளம் பெடியன் இடுப்பளவு சேற்றில் நின்றான். நிலத்துக்காரனுக்கு ஒரு பங்கு, உரிமம் வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு, பம்ப் கொடுத்தவருக்கு ஒரு பங்கு, மிச்சத்தில்தான் இறங்குகிறவர்களுக்கு. மாதக்கணக்கில் ஒன்றும் வராமலும் போகும், அதுவரைக்கும் சாப்பாடும் கொஞ்சச் செலவுப் பணமும்தான். அவன் வயது நம் சின்னவனின் வயதுதான் இருக்கும். நான் கொடுத்த விலையில் அப்படி ஒருவன் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று அந்த முதலாளியிடம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார், மிகக் குறைவு. அது என் மனதை விட்டுப் போகவில்லை.

கடைசியாகச் சனி. அந்த அம்மாவின் பயத்தை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்காமல் நான் ஒரு வருடமும் இருந்ததில்லை. ஆனால் இதை அவரிடம் சொல். நீலம், புஷ்பராகம் என்று நாம் விற்கும் மஞ்சள் நீலக்கல், மாணிக்கம், மூன்றும் ஒரே கனியம், குருந்தம். சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே இல்லை. இரும்பும் டைட்டேனியமும் துளியளவு சேர்ந்தால் நீலம், அது சனிக்கு. இரும்பால் மஞ்சளானால் வியாழனுக்கு. குரோமியம் சேர்ந்து சிவந்தால் சூரியனுக்கு. ஒரே குழியில், ஒரே சரளை மண்ணில் மூன்றும் வரும், சில வேளை ஒரே கல்லிலேயே பாதி நீலம் பாதி மஞ்சளாக வரும். அதோடு வைரத்துக்கும் தோஷம் உண்டு என்று நம் ஆச்சிமார் பயந்தார்களே, காகத்தின் கால் மாதிரிக் குறி, காகபாதம், இருந்தால் குடிக்கு ஆகாது என்று எத்தனை வைரத்தோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்? அது மட்டும் எப்படி எல்லாருக்கும் ஒத்துவரும் கல்லாயிற்று?

இவ்வளவு சொன்ன பிறகும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால், முறைப்படி கல்லைத் தலையணைக்குக் கீழே வைத்துப் பார்க்கட்டும், நான் அனுப்பி வைக்கிறேன். அதுவும் சரிவராவிட்டால், நீலத்தின் இரண்டு பக்கமும் சின்னப் புஷ்பராகம் வைத்துப் பதிக்கலாம் என்று பத்தர் சொல்கிறார். வியாழன் பக்கத்தில் இருந்தால் அவருக்கும் ஆறுதல், பார்க்கவும் வடிவு. ஆனால் நீலம் மாறாது. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது அது, அவள் விரல், அவள் வாழ்க்கை.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கதை, கூட்டத்துக்குள் வேண்டாம், காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது கதை. அண்ணையைப் பின்னால் இருத்து, அவர் நடுவில் புகுந்து காணி விலை கதைக்கத் தொடங்கிவிடுவார். அப்படியே பிள்ளையின் மோதிர விரல் அளவையும் வாங்கி அனுப்பு, குளிர் நாளில் விரல் சுருங்கும், ஆகவே பின்னேரத்தில் அளக்கச் சொல். பத்தர் அடுத்த கிழமைக்குள் அளவு வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
ராணி