பையில் ஒரு டார்ச், ஒரு விசில்

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலிலேயே இப்போது மாடிக்கு மேல் மாடி, போதாததற்கு நம்மில் பலருடைய பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் உயரமான கட்டடங்களில் வேலை பார்க்கிறார்கள், அதனால்தான் மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று இதைப் போடுகிறேன்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் லிஃப்டுக்குள் மாட்டிய ஆறு பேர் தப்பித்தது, கூட இருந்த ஜன்னல் துடைக்கும் தொழிலாளியின் துடைப்பானால். கதவை நெம்பினால் எதிரே சுவர், அது ஜிப்சம் பலகை என்பதால் உலோக விளிம்பால் சுரண்டிச் சுரண்டியே ஓட்டை போட்டுவிட்டார்கள். நம்ம ஊர்ச் செங்கல் சுவரில் அது நடக்காது, சுத்தியல் எல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

சின்ன டார்ச்சும் விசிலும் போதும். போன் வெளிச்சத்தை நம்பினால் கூப்பிடச் சார்ஜ் இருக்காது; கத்தினால் புகைதான் உள்ளே போகும். ஈரத்துணி கரியைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவைத் தடுக்காது, அதனால் மாடிப்படியில் புகை இருந்தால் துணியை நம்பி இறங்காமல் வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து, பால்கனியில் நின்று விசில் ஊதுங்கள், 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். லிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

பால்கனியிலிருந்து இறங்கக் கயிறு வாங்கலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: பழக்கம் இல்லாமல் தொங்கினால் கை வழுக்கும், வேண்டாம்.

அப்புறம், பால்கனி கிரில்லைப் பூட்டுபவர்கள் சாவியைப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டுங்கள். மாடிப்படியில் கிடக்கும் சைக்கிளையும் தேங்காய்ச் சாக்கையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள்.