சர்வர் டிஸ்க் மாற்றம் – கோத்தகிரி அலுவலகம்

வணக்கம். நம் சர்வரின் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று போய்விட்டது. ரெய்டு 1 (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ‘மிரர்’ முறை) என்பதால் மற்றதில் எல்லாம் அப்படியே இருக்கிறது; பச்சைத் தேயிலை எடைக் கணக்கு எதுவும் தொலையவில்லை.

புது டிஸ்க் நாளை காலை கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. கழற்றுமுன் சீரியல் எண்ணை ஒத்துப் பார்த்துவிடுவோம். அவசரத்தில் நல்ல டிஸ்க்கை உருவினால் அவ்வளவுதான்!

மாற்றியபின் முழுதும் நகலாகப் பல மணி நேரம் ஆகும். அதுவரை சர்வர் மெதுவாகத்தான் ஓடும், பெரிய ரிப்போர்ட் எதுவும் எடுக்காதீர்கள். மழைக்குக் கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. எவ்வளவு குளிரினாலும் யூபிஎஸ்ஸில் ஹீட்டரைச் சொருக வேண்டாம், தயவுசெய்து.

மிரர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். ஒரு கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழிந்துவிடும், அதற்குத்தான். இன்றிரவு பேக்கப் எடுக்கிறேன். மாலை 6 மணிக்குள் எல்லோரும் லாக் அவுட் செய்துவிடுங்கள்.